பேட்டரி காருக்குள் கேட்ட சத்தம்

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூர் கணபதியில் ஒரு மோட்டார் கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்த்தேன். கிணற்று மோட்டார்தான் எங்கள் பிழைப்பு. ஓடுகிற மோட்டாரின் மேல் நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு, பேரிங் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, உள்ளே எங்காவது உரசுகிறதா என்று கேட்டுச் சொல்வது என் வேலை. பிற்பாடு டாக்டர்கள் வைத்திருக்கும் ஸ்டெதாஸ்கோப் ஒன்றைக் கம்பெனியிலேயே வாங்கிக் கொடுத்தார்கள். நான் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பட்டறைக்குள் போனால், "டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வாராங்க" என்று லேத் ஓட்டுகிறவர்கள் சிரிப்பார்கள்.

அப்போது எங்கள் முதலாளிக்குப் பேட்டரி கார் ஆசை வந்தது. "மோட்டாரு நம்ம செய்யறோம். பேட்டரி இங்கயே கிடைக்குது. அப்புறம் என்னத்துக்கு யோசிக்கோணும்?" என்று ஒருநாள் மீட்டிங்கில் கேட்டார். யாரும் பதில் சொல்வதற்குள் ஒரு பழைய காரை வாங்கி வந்து ஷெட்டில் நிறுத்திவிட்டார். அதன் எஞ்சினைக் கழற்றி எடைக்குப் போட்டோம். அந்த இடத்தில் எங்கள் மோட்டார் ஏறியது. டிக்கி முழுக்க பேட்டரி.

இந்த வேலைக்கு மூன்று பேரை ஒதுக்கினார்கள். சத்தமும் அதிர்வும் பார்க்க நான். பட்டறை வேலைக்கு ஃபோர்மேன். ஐம்பது வயதைத் தாண்டியவர், வாய் ஓயாமல் கேலி பேசுகிறவர். படம் வரைந்து, வண்டியை வடிவமைத்தவர் கோபிசெட்டிபாளையத்துக்காரர். அவரை நாங்கள் டிசைன் சார் என்றுதான் கூப்பிடுவோம். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான ஆள், நிதானமான நடை. வண்டியை ஓட்டிப் பார்க்கிற வேலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். "நான் வரைஞ்சதுங்க, நானே ஓட்டிப்போடறேன்" என்பார்.

முதல் முறை காம்பவுண்டுக்குள் ஓட்டியபோது எங்களுக்கே திகைப்பாக இருந்தது. எஞ்சின் இரைச்சல் இல்லாததால், இத்தனை வருடம் அதன் பின்னால் ஒளிந்திருந்த அத்தனை சத்தமும் வெளியே வந்துவிட்டது. கதவுக் கீல் முனகியது. பேட்டரிக்குள் ஆசிட் தளும்புவது கேட்டது. மிதியை அழுத்தும்போதெல்லாம் கரண்டை விடும் காண்டாக்டர் 'டப்' என்று அடித்தது. கியரில் ஒரு கொசு ரீங்காரம். ஒவ்வொன்றாகப் பிடித்தோம். கியரின் பல்லைச் சாய்வாக வெட்டி மாற்றியதும் ரீங்காரம் அடங்கியது. டேஷ்போர்டுக்குள் வந்த ஒரு கிலுகிலுப்பை இரண்டு நாள் தேடினோம். பழைய சொந்தக்காரர் விட்டுப்போன சீப்பு உள்ளே கிடந்தது. ஃபோர்மேன் அதை எடுத்துத் தன் வழுக்கைத் தலையில் ஒரு முறை வாரிக் காட்டினார்.

ஒரே ஒரு சத்தம் மட்டும் பிடிபடவில்லை.

அதை நான் முதலில் கேட்டது பீளமேட்டுப் பக்கம் ஒரு ரயில்வே கேட்டில். கேட் மூடியிருந்தது. முன்னால் நின்ற லாரி புழுதியைக் கிளப்பியதால் கண்ணாடியை ஏற்றிவிட்டோம். டிசைன் சார் ஓட்டும் இடத்தில், ஃபோர்மேன் அவருக்கு இடது பக்கம், நான் பின்னால். லாரிக்காரர் எஞ்சினை அணைத்ததும் காருக்குள் அப்படியொரு அமைதி. அந்த அமைதிக்குள் 'டிக்... டிக்... டிக்' என்று மெல்லிய, உலோகத் தகடு தட்டுகிற மாதிரி ஒரு சத்தம்.

"ஃபோர்மேன், உங்க வாட்ச்சா?" என்றேன்.

அவர் வாட்ச்சைக் கழற்றிக் கொடுத்தார். என்னுடையதையும் சேர்த்துக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டேன். டிசைன் சார் கட்டியிருந்தது பேட்டரி வாட்ச். அதையும் வாங்கிக்கொண்டேன். சத்தம் நிற்கவில்லை.

"உங்களுக்குக் கேக்குதுங்களா சார்?"

"என்ன சத்தமுங்க? எனக்கு ஒண்ணுமே கேக்கலீங்களே" என்றார் அவர்.

அடுத்த சில வாரங்கள் எங்களுக்கு அந்த டிக் டிக்தான் வேலை. மருதமலை ஏற்றத்தில் வண்டியை ஏற்றிப் பார்த்தோம். பாதி ஏற்றத்தில் பேட்டரி இறங்கிவிடுமோ என்று எல்லோருக்கும் பயம். ஏற்றத்தில் வண்டி ஊர்ந்தபோது டிக் டிக் வேகமானது. கீழே இறங்கி வந்து புளியமரத்தடியில் நிறுத்தியதும் மெல்ல மெல்லத் தளர்ந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. லோடு கூடினால் சத்தம் கூடுகிறது, லோடு குறைந்தால் குறைகிறது. அப்படியென்றால் மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடுகிற கண்ட்ரோலர் பெட்டியில்தான் கோளாறு என்று முதலாளியிடம் அடித்துச் சொன்னேன். பெட்டியைப் பிரித்து மேய்ந்தோம். ஒன்றுமில்லை.

விசித்திரம் என்னவென்றால், டிசைன் சார் லீவு போட்ட நாளில் ஃபோர்மேன் ஓட்டினால் சத்தம் வராது. நான் ஓட்டினாலும் வராது. டிசைன் சார் உட்கார்ந்தால்தான் வரும். அவர் மிதியை அழுத்துகிற விதத்தில் ஏதோ இருக்கிறது என்றோம். மிதியின் ஸ்பிரிங்கை மாற்றினோம். சீட் ஸ்பிரிங் என்றோம். அவரே போல்ட்டுகளைக் கழற்றி, சீட்டை வெளியே வைத்துவிட்டு, ஒரு மரப்பெட்டியைப் போட்டு அதில் உட்கார்ந்து ஓட்டினார். அப்போதும் டிக் டிக்.

"உங்க காதுல அழுக்கு இருக்குதானு பாருங்க சார். பின்னால உக்காந்திருக்கற அம்மணிக்குக் கேக்குது, உங்களுக்குக் கேக்க மாட்டீங்குது" என்றார் ஃபோர்மேன்.

"நெசமாலுமே கேக்கலீங்க" என்று அவர் சங்கடத்தோடு சிரித்தார்.

அது கண்டுபிடிக்கப்பட்டது ஒரு மத்தியான வேளையில். கரண்ட் போயிருந்தது. லேத்தெல்லாம் நின்று, ஆட்கள் வேப்பமர நிழலுக்குப் போய்விட்டார்கள். பட்டறை இவ்வளவு அமைதியாகக் கிடைக்காது என்று நாங்கள் மூவரும் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டோம். அன்றைக்குப் பேட்டரியிலிருந்து வருகிற மெயின் கேபிளையும் கழற்றியிருந்தோம். அதாவது, அந்தக் காரில் உயிர் என்று எதுவுமே இல்லை. வெறும் தகரம்.

டிக்... டிக்... டிக்.

என் கை மயிர் எல்லாம் எழுந்து நின்றது. "ஃபோர்மேன், கேபிளைக் கழட்டியாச்சுங்களா இல்லையா?"

"இதென்னங்க அம்மணி, கையிலதான வெச்சிருக்கறேன்" என்று கேபிளின் முனையைத் தூக்கிக் காட்டினார். அவர் முகத்தில் கேலி இல்லை.

டிசைன் சார், "இருங்க, அடியில பாத்துட்டு வாரேன்" என்று கீழே இறங்கினார். சத்தம் நின்றது. நானும் ஃபோர்மேனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அடியில் ஒன்றுமில்லை என்று அவர் மறுபடி ஏறிக் கதவைச் சாத்தினார். சத்தம் வந்தது.

நான் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு ஸ்டியரிங் தண்டில் வைத்தேன், தரையில் வைத்தேன், கதவில் வைத்தேன். எங்கேயும் இல்லை. ஃபோர்மேனுக்குப் பொறுமை போய்விட்டது. "குடுங்க இப்படி. வண்டியில எல்லாத்தையும் கழட்டிப் பாத்தாச்சு. இனி சாரைத்தான் கழட்டிப் பாக்கோணும்" என்று சிரித்தபடி என்னிடமிருந்து வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டு, அதன் வட்டத் தகட்டை டிசைன் சாரின் சட்டை மேல், நெஞ்சில் வைத்தார்.

அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே நின்றுபோனது. அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி என்னிடம் நீட்டினார். நான் காதில் மாட்டினேன். மனித நெஞ்சில் கேட்க வேண்டிய மெத்தென்ற சத்தம் அங்கே இல்லை. கிணற்றுக்குள் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு மூடுவதுபோல, இரும்பில் இரும்பு உட்காருகிற சத்தம். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு டிக்.

நான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

டிசைன் சார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையை நெஞ்சில் வைத்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அட கடவுளே. அது நானுங்களா?" என்றார்.

அவர் எங்களிடம் நடிக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை. சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றிக் காட்டினார். கழுத்துக்குக் கீழே தொடங்கி நேராக இறங்கிய தழும்பு. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலில் இதயத்தின் வால்வு கெட்டுப்போயிருக்கிறது. எங்கள் கம்பெனிக்கு வருவதற்கு முன்னால் மெட்ராஸில் நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வைத்திருக்கிறார்கள்.

"மொதல்ல தூங்கவே உடாதுங்க. தலகாணிக்கு அடியில கடியாரம் வெச்ச மாதிரி. அப்புறம் காது அதைக் கேக்கறதையே உட்டுப்போடுச்சு. நான் மறந்தே போயிட்டனுங்க."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க" என்றார் ஃபோர்மேன்.

"சொல்லியிருந்தா வேலைக்கு எடுத்திருப்பாங்களாங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மருதமலை ஏற்றத்தில் வேகமானது கண்ட்ரோலர் அல்ல. பயந்த ஒரு மனிதரின் இதயம். அதைப் பின்னால் உட்கார்ந்து, தலையை ஆட்டிக்கொண்டு, லோடு கூடுகிறது என்று ரசித்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அவரே முதலாளியின் அறைக்குப் போனார். எங்களையும் கூட வரச் சொன்னார். முதலாளி முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்து ஃபேனை நிறுத்தினார். அந்த அறையிலும் கேட்டது. முதலாளி மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சத்தி ரோட்டுல வண்டி நின்னப்ப உங்களைத் தள்ளச் சொன்னனே" என்றார்.

"தள்ளறதுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க."

"அது உங்களுக்குத் தெரியும். எனக்கு இன்னிக்கு ராத்திரி தூக்கம் வருமாங்க?"

வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் இனி ஓட்டக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து மீட்டர் பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டார். டிசைன் சாருக்கு அதில் பெரிய வருத்தம். சில நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. ஓட்டுகிற வேலை எனக்கு வந்தது. நானும் அவரும் போகிற நாட்களில், கண்ணாடியை ஏற்றினால் அந்த டிக் டிக் கேட்கும். முதலில் அது என்னைப் பதற வைத்தது. பிறகு எனக்கும் பழகிப்போனது.

ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசிக்கொண்டிருந்தது. காருக்குத் தரை முழுவதும் கம்பளி விரிப்பு ஒட்டி, கதவு இடுக்குகளில் புது ரப்பர் போட்டிருந்தோம். நீண்ட ஓட்டம் பார்க்கலாம் என்று பொள்ளாச்சி ரோட்டில் கிணத்துக்கடவு வரை போவதாகத் திட்டம். டிசைன் சார் அன்று அதிகம் பேசவில்லை. எதிர்க்காற்றில் பேட்டரி எவ்வளவு இறங்குகிறது என்று மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கிணத்துக்கடவை நெருங்கும்போது முன்னால் ஆட்டுமந்தை ஒன்று ரோட்டைக் கடந்தது. வண்டியை நிறுத்தினேன். காருக்குள் ஒரு சத்தமும் இல்லை. புது ரப்பர் நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்தேன். இவ்வளவு அமைதியாக இந்தக் கார் இருந்ததேயில்லை. அதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன்.

வாய் அப்படியே நின்றுவிட்டது.

ரப்பரும் கம்பளியும் வெளிச் சத்தத்தைத்தான் நிறுத்தும். உள்ளே இருந்து வருகிற சத்தத்தை எப்படி நிறுத்தும்?

ஆடுகள் போய்விட்டன. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. வண்டியை ஓரமாக ஒரு தென்னந்தோப்பின் வேலி பக்கம் ஒதுக்கி நிறுத்தினேன்.

"என்னாச்சுங்க மேடம்?"

"சார், உங்களுக்கு உடம்பு எப்படி இருக்குது?"

"நல்லாத்தானுங்க இருக்குது. ரெண்டு நாளா மாடி ஏறுனா கொஞ்சம் மூச்சு வாங்குது. இந்தக் காத்துக்கு எல்லாத்துக்குமே அப்படித்தான இருக்கும்?"

நான் பின்சீட்டிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தேன். ஒரு பெண் நடுரோட்டில் ஓர் ஆணின் நெஞ்சில் கை வைத்தால் அந்தக் காலத்தில், அந்த ஊரில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். தோப்பு வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் மட்டை பொறுக்கிக்கொண்டு எங்களையே பார்த்தார்கள். தகட்டை அவர் நெஞ்சில் வைத்தேன். இதயம் துடித்தது. ஆனால் இரும்பில் இரும்பு உட்காரவில்லை. துணியில் சுற்றிய சுத்தியல் அடிப்பதுபோல மந்தமாக ஏதோ கேட்டது.

"சத்தம் மாறியிருக்குதுங்க. நாம டாக்டர்கிட்டப் போலாம். இப்பவே."

"மேடம், சத்தம் கம்மியானா நல்லதுதானுங்க? வால்வு செட் ஆயிருக்கும்."

"மோட்டார்ல பழகின சத்தம் தானா மாறினா நீங்க ஓட விடுவீங்களா?"

சில நிமிடங்களுக்கு முன்புவரை சாதாரணமாக இருந்தவரின் மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. கோயமுத்தூர் வரை திரும்பிப் போகப் பேட்டரி தாங்கும் என்றுதான் கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டதே நாங்கள்தான். ஆனாலும் நான் அதை நம்பவில்லை. பக்கத்திலிருந்த பெட்ரோல் பங்கில் காரை விட்டுவிட்டு, ரோட்டில் நின்று கையைக் காட்டினேன். பொள்ளாச்சியிலிருந்து கோயமுத்தூருக்குக் கல்யாணப் புடவை எடுக்கப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம் காரை நிறுத்தியது. விஷயத்தைச் சொன்னதும் முன்சீட்டில் இருந்த பெரியவர், "பொடவையெல்லாம் பொறவு பாத்துக்கலாம், ஏறுங்க கண்ணு" என்று தானே பின்னால் நெருக்கி உட்கார்ந்துகொண்டார். அந்தக் காரின் எஞ்சின் இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய வதையாக இருந்தது. டிசைன் சாரின் உதடு நீலமாகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் அவர் நெஞ்சைக் கேட்ட டாக்டர், கேட்டு முடிக்கும் முன்பே நர்ஸைக் கூப்பிட்டார். ஸ்கேன் எடுத்தபின் வெளியே வந்து என்னிடம் சொன்னார். வால்வின் தகட்டில் ரத்தம் கட்டிப் படிந்திருக்கிறது. தகடு முழுதாகத் திறந்து மூடவில்லை. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் நின்றிருக்கும்.

"ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டாரா?" என்று கேட்டார்.

எனக்கு எப்படித் தெரியும்? டிசைன் சாரே பிறகு ஒப்புக்கொண்டார். பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வந்திருக்கிறது. மாத்திரையால்தான் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அவராகவே நிறுத்திவிட்டார்.

கட்டியைக் கரைக்கிற மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். கரையலாம், உடைந்து மூளைக்கும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். அதற்குக் கையெழுத்துப் போட அவர் மனைவி வந்து சேர்ந்தார். இடுப்பில் குழந்தையோடு, வீட்டில் இருந்த புடவையிலேயே வந்திருந்தார். நான் அவரை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. டாக்டர் திரும்பத் திரும்ப விளக்கிய பிறகு, என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, நீங்கதான் கண்டுபுடிச்சீங்களாமா?"

தலையாட்டினேன்.

"எனக்கும் தெரியுமுங்க. நாலஞ்சு நாளா அந்தச் சத்தம் கேக்கவேயில்ல. கல்யாணம் ஆன நாள்ல இருந்து பக்கத்துல படுத்தா அதுதான் கேக்கும். இப்ப நின்னுபோச்சேன்னு..." குழந்தையை மடியில் மாற்றி வைத்துக்கொண்டார். "சந்தோசப்பட்டனுங்க. எல்லாம் சரியாப் போச்சுன்னு மாரியம்மனுக்குத் தேங்காய் ஒடைச்சனுங்க."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ரோட்டில் ஆடுகள் குறுக்கே வராமல் இருந்திருந்தால் நானும் ரப்பரைப் பாராட்டிக்கொண்டே கிணத்துக்கடவைத் தாண்டியிருப்பேன்.

மறுநாள் மத்தியானம் ஐ.சி.யூ.வுக்குள் என்னை விட்டார்கள். கட்டிலுக்கு ஓரடி தள்ளி நின்றபோதே டிக் டிக் கேட்டது. அவர் பிழைத்தார். ஆனால் நோய் சும்மா விடவில்லை. கட்டியின் துணுக்கு ஒன்று மூளைக்குப் போய் இடது கை விரல்களை மடக்கிவிட்டது. பந்தை அமுக்கி அமுக்கி, பொங்கலுக்குள் பெரும்பாலும் சரியானது. வலது கைக்கு ஒன்றும் இல்லை என்பதால் படம் வரைவதற்குத் திரும்பி வந்தார்.

பெட்ரோல் பங்கில் விட்ட காரை ஃபோர்மேன் போய் டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார். அதன்பின் அதை அதிகம் ஓட்டவில்லை. பேட்டரி சீக்கிரம் சீக்கிரமாகக் கெட்டுப்போனது. அடுத்த வருடம் முதலாளியே ஆசையை விட்டுவிட்டு, மறுபடியும் கிணற்று மோட்டாருக்குத் திரும்பினார்.

எனக்கு அந்த அதிர்ச்சி உடனே போகவில்லை. வெகுநாள் வரை, பட்டறையில் ஏதாவது மோட்டார் சத்தமில்லாமல் ஓடினால் நெஞ்சு திக்கென்றது. நன்றாக ஓடுகிற மோட்டாரையும் நிறுத்தி, பிரித்துப் பார்க்கச் சொல்வேன். ஃபோர்மேன் ஒன்றும் கேட்காமல் பிரித்துக் காட்டுவார்.

தை மாதத்தில் டிசைன் சார் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சமையலறையில் நான் உதவிக்கு நின்றபோது, எப்படி இருக்கிறார் என்று அவர் மனைவியிடம் கேட்டேன். மாத்திரையைத் தன் கையால்தான் கொடுப்பதாகச் சொன்னார். அப்புறம் அடுப்பைச் சிறியதாக்கிவிட்டு, கூடத்தில் இருப்பவருக்குக் கேட்காதபடி மெல்லச் சொன்னார்.

"மொதல்லெல்லாம் அந்தச் சத்தத்துல தூக்கம் வராதுங்க. இப்ப அது கேக்குதா, கேக்குதானு எந்திரிச்சு எந்திரிச்சு பாக்கறனுங்க. அதனால தூக்கம் வர்றதில்ல."